304 ஸ்டீலில் குரோமியம் சரியாக இருந்தும் எண்ணூர் காற்றில் பழுப்புக் கறை: எந்தச் சோதனை காரணத்தைச் சொல்லும்?

ஒற்றியூர் ஃபேப்ரிகேட்டர் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். திருவொற்றியூரில் சின்னதாக ஒரு பட்டறை வைத்திருக்கிறேன். கேட், கிரில், மாடிப்படி ரெயிலிங் எல்லாம் செய்கிறோம். எர்ணாவூர் பக்கம் கடலைப் பார்த்த ஒரு வீட்டுக்கு 304 கிரேடு ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் பால்கனி ரெயிலிங் போட்டுக் கொடுத்தோம். மழைக்காலம் முடிவதற்குள் வெல்டு ஓரத்திலும், கிரைண்டர் ஓடிய கோடுகளிலும் டீ சிந்திய மாதிரி பழுப்புக் கறை. தேய்த்தால் போகிறது, அப்புறம் மறுபடி வருகிறது.

நிக்கல் குறைந்த 200 சீரிஸ் பைப்பை 304 என்று சொல்லிக் கொடுத்துவிட்டேன் என்று வீட்டுக்காரர் சொல்கிறார். தொழிலில் இதைவிட மோசமான பேச்சு இல்லை. கறை உள்ள துண்டு ஒன்றை வெட்டி ஒரு தனியார் ஆய்வகத்தில் கொடுத்தேன். எஸ்.இ.எம். (எலக்ட்ரான் நுண்ணோக்கி) படமும், எந்தத் தனிமம் எவ்வளவு என்று சொல்லும் ஈ.டி.எஸ். ரிப்போர்ட்டும் வந்தன. குரோமியம் 18%, நிக்கல் 8%. பைப் அசல் 304 தான். பிறகு ஏன் கறை என்று கேட்டால், ‘மெட்டீரியல் ஓ.கே.’ என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். இதற்கு வேறு சோதனை இருக்கிறதா? ஆகர், எக்ஸ்.பி.எஸ். என்று யாரோ சொன்னார்கள். அதெல்லாம் என்ன, எனக்குப் பயன்படுமா?

வெற்றிடம் எழுதியது:

அண்ணா, முதலில் அந்த ரிப்போர்ட்டைப் பத்திரமாக வையுங்கள். வீட்டுக்காரரின் குற்றச்சாட்டுக்கு அதுவே பதில். 200 சீரிஸின் 201 கிரேடாக இருந்தால் மாங்கனீஸ் 5.5 முதல் 7.5% வரை இருக்கும், நிக்கல் 5.5%ஐத் தாண்டாது. உங்கள் நிக்கல் 8% என்றால் அந்தச் சந்தேகத்துக்கு இடமில்லை.

ஆனால் கறைக்கான காரணத்தை ஈ.டி.எஸ். சொல்லாது. அது பார்க்கும் இடமே வேறு. நான் ஒரு மேற்பரப்பு ஆய்வகத்தில் எக்ஸ்.பி.எஸ்., அதாவது எக்ஸ் கதிர் ஒளிமின் நிறமாலைக் கருவியோடு வேலை செய்கிறேன். இந்தக் குழப்பத்தோடு வருபவர்களை அடிக்கடி பார்ப்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

எஸ்.இ.எம். கருவியில் 15, 20 கிலோவோல்ட்டில் எலக்ட்ரான் கற்றை உலோகத்துக்குள் போகிறது. உள்ளே ஏறக்குறைய ஒரு மைக்ரோமீட்டர் ஆழம் வரை பரவி, அங்குள்ள அணுக்களிலிருந்து எக்ஸ் கதிர்களைக் கிளப்புகிறது. ஈ.டி.எஸ். கணக்கெடுப்பது அந்த எக்ஸ் கதிர்களைத்தான். எக்ஸ் கதிர் அவ்வளவு ஆழத்திலிருந்தும் சுலபமாக வெளியே வந்துவிடும். ஆக, உங்களுக்குக் கிடைத்த 18% என்பது 1000 நானோமீட்டர் தடிமனுக்கான சராசரி.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைத் துருவிலிருந்து காப்பது அதன் மேல் தானாக உருவாகும் குரோமியம் ஆக்சைடு படலம். தடிமன் 1 முதல் 3 நானோமீட்டர். 2 என்று வைத்துக்கொண்டால், ஈ.டி.எஸ். பார்த்த ஆழத்தில் அது 500இல் ஒரு பங்கு. அந்தப் படலம் முழுவதும் கெட்டுப்போயிருந்தாலும் ரிப்போர்ட்டில் 18% அப்படியே 18%ஆகத்தான் நிற்கும். கறை பிடிப்பதும் பிடிக்காததும் அந்த 2 நானோமீட்டரில் தீர்மானமாகிறது. அதைப் பார்க்க, அந்த ஆழத்திலிருந்து மட்டுமே தகவல் கொண்டுவரும் ஒன்று வேண்டும். அது எலக்ட்ரான்.

எக்ஸ்.பி.எஸ்.ஸில் எக்ஸ் கதிரை உள்ளே அனுப்பி எலக்ட்ரானை வெளியே வாங்குகிறோம். பள்ளியில் படித்த ஒளிமின் விளைவுதான், ஐன்ஸ்டீன் 1905இல் விளக்கியது. பெரும்பாலும் அலுமினியத்தின் கே-ஆல்பா கதிரைப் பயன்படுத்துவோம். அதன் ஆற்றல் 1486.6 எலக்ட்ரான் வோல்ட். வெளியே வந்த எலக்ட்ரானின் இயக்க ஆற்றலை அளந்து, 1486.6இலிருந்து அதையும் கருவியின் வெளியேற்று ஆற்றலையும் கழித்தால், அந்த எலக்ட்ரான் அணுவோடு எவ்வளவு இறுக்கமாகப் பிணைந்திருந்தது என்று தெரியும். ஒவ்வொரு தனிமத்துக்கும் அந்த எண்கள் தனித்தனி. அதனால் எந்தத் தனிமம் என்று சொல்லிவிடலாம்.

இதில் இன்னும் மதிப்பானது வேறு ஒன்று. அதே தனிமம் உலோகமாக இருக்கிறதா, ஆக்சைடாக இருக்கிறதா என்பதைப் பொறுத்து அந்த எண் சற்று நகரும். குரோமியத்தின் 2பி வரி (2பி கூட்டிலிருந்து வரும் எலக்ட்ரான்கள் வரைபடத்தில் காட்டும் உச்சம்) உலோகத்தில் 574 எலக்ட்ரான் வோல்ட் அருகே, ஆக்சைடில் 576 – 577 அருகே. இரும்பு உலோகம் 707 அருகே, மூவிணைதிற இரும்பு ஆக்சைடு 711 அருகே. உப்பிலிருந்து வந்த குளோரைடு 198 – 199 பக்கம் நிற்கும். ‘எவ்வளவு குரோமியம்’ என்பதோடு ‘எந்த நிலையில் குரோமியம்’ என்பதும் தெரிகிறது. உங்கள் கேள்விக்கு இந்த இரண்டாவதுதான் வேண்டும்.

மணலி கெமிஸ்ட் எழுதியது:

மேடம் சொன்னது முழுக்கச் சரி. நான் மணலியில் ஒரு ஆலையில் அரிமானப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். இந்தக் கறைக்குத் தொழிலில் ‘டீ ஸ்டெயின்’ என்றே பெயர். கடலோரத்தில் 304க்கு இது எதிர்பார்க்க வேண்டியதுதான். காற்றில் வரும் உப்பு, மழை படாத அடிப்பக்கத்தில் தங்கி, இரவு ஈரத்தில் கரைந்து, பகலில் காய்ந்து செறிவாகும். 316 கிரேடில் 2 – 3% மாலிப்டினம் இருப்பதால் தாக்குப்பிடிக்கும். கடலைப் பார்த்த பால்கனிக்கு 316 என்று முதலிலேயே வீட்டுக்காரரிடம் சொல்லிவிடுவது நல்லது. அதுவும் மழமழவென்ற பாலிஷோடு. சொரசொரப்பான பரப்பில் உப்பு தங்கிவிடும்.

ஆனால் வெல்டு ஓரத்திலும் கிரைண்டர் கோட்டிலும் மட்டும் முதலில் வந்தது என்றால், உப்புக்கு மேல் வேறு ஒரு காரணமும் இருக்கிறது. அதைத்தான் கண்டுபிடிக்க வேண்டும். இன்னொன்று. நம் பக்கத்துக் காற்றில் உப்போடு கந்தகமும் உண்டு. எக்ஸ்.பி.எஸ். எடுத்தால் கந்தக வரியையும் கேட்டு வாங்குங்கள்.

கொசஸ்தலை எழுதியது:

நான் முதுகலை இயற்பியல் மாணவன், வீடு கத்திவாக்கம். வெற்றிடம் அக்காவிடம் ஒரு கேள்வி. எக்ஸ் கதிர் மைக்ரோமீட்டர் கணக்கில் உள்ளே போகிறது. அப்படியானால் அந்த ஆழம் முழுவதிலும் எலக்ட்ரான்கள் கிளம்பும் அல்லவா? பிறகு எப்படி மேல் சில நானோமீட்டர் மட்டும் என்கிறோம்?

வெற்றிடம் எழுதியது:

தம்பி, இந்த ஒரு கேள்வியில்தான் மொத்த துறையும் நிற்கிறது. ஆமாம், ஆழம் முழுவதிலும் கிளம்பும். ஆனால் எலக்ட்ரானுக்கு மின்னூட்டம் உண்டு. போகிற வழியில் உள்ள எல்லா எலக்ட்ரான்களோடும் அது உரசும். தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை எம்.சி. ரோட்டை நினைத்துக்கொள். தெருமுனைக் கடையிலிருந்து புறப்பட்டவர் அதே வேகத்தில் வெளியே வந்துவிடுவார். நடுத்தெருவிலிருந்து புறப்பட்டவர் இடிபட்டு, நின்று, வளைந்து, வேகம் இழந்துதான் வெளியே வருவார். சிலர் வரவே மாட்டார்கள்.

நாம் அளப்பது வேகத்தை. ஆழத்தில் கிளம்பிய எலக்ட்ரான் வழியில் ஆற்றலை இழந்துவிட்டால் அது எந்த அணுவிலிருந்து வந்தது என்ற அடையாளமும் போய்விடும். அவை வரிகளுக்குப் பின்னால் படிப்படியாக ஏறும் பின்னணியாக மட்டும் தெரியும். ஆற்றல் எதையும் இழக்காமல் வந்தவை மட்டுமே கூரிய வரியாக நிற்கும். அவை மேற்பரப்பிலிருந்து வந்தவை.

எண்ணாகச் சொன்னால், ஆற்றலை இழக்கும் ஒரு மோதலுக்கும் அடுத்ததற்கும் இடையில் எலக்ட்ரான் சராசரியாகப் போகும் தூரம் 50 முதல் 100 எலக்ட்ரான் வோல்ட் பக்கம் மிகக் குறைவு, அரை நானோமீட்டர் அளவுதான். அதைவிட ஆற்றல் கூடினாலும் தூரம் கூடும், மிகவும் குறைந்தாலும் கூடும். எந்தப் பொருளாக இருந்தாலும் ஏறக்குறைய இதே வடிவம் என்பதால் இதை ‘பொது வளைவு’ என்பார்கள். எக்ஸ்.பி.எஸ்.ஸில் இரும்பு, குரோமியம் வரிகளின் எலக்ட்ரான்களுக்கு இந்தத் தூரம் ஒன்றரை நானோமீட்டர் சுற்றுவட்டாரம். சிக்னலில் 95% இதைப் போல மூன்று மடங்கு ஆழத்துக்குள்ளிருந்து வரும். அதாவது 4, 5 நானோமீட்டர்.

பாதுகாப்புப் படலத்தின் தடிமன் 2 நானோமீட்டர் என்பதால் இதில் ஒரு வசதி கிடைக்கிறது. மேலே ஆக்சைடு வரியும், அதன் அடியிலிருந்து உலோக வரியும் ஒரே படத்தில் தெரியும். இரண்டின் விகிதத்திலிருந்து படலத்தின் தடிமனையே கணக்கிடலாம். துண்டைச் சாய்த்து வைத்து, செங்குத்திலிருந்து 60 டிகிரி கோணத்தில் வரும் எலக்ட்ரான்களை மட்டும் வாங்கினால் பார்க்கும் ஆழம் பாதியாகிவிடும். அப்போது ஆக்சைடு வரி ஓங்கி, உலோக வரி தாழும். எதையும் சுரண்டாமல் மேல் எது, கீழ் எது என்று பிரித்துச் சொல்லலாம். முதன்முதலாக இதைத் திரையில் பார்த்த நாள் எனக்கு இன்னும் பிடித்தமான நாள்.

ராயபுரம் பிளேட்டிங் எழுதியது:

நான் குரோம், நிக்கல் பிளேட்டிங் செய்பவன். படிக்க நன்றாக இருக்கிறது, ஆனால் அண்ணனுக்கு இவ்வளவு செலவு தேவையா? வெற்றிட அறை, பம்பு, எக்ஸ் கதிர் எல்லாம் வைத்து இதைச் செய்ய வேண்டுமா? வெல்டு ஓரத்தைப் பிக்கிளிங் (அமிலப் பேஸ்ட்டால் மேல் அடுக்கை அரித்தெடுப்பது) செய்து, பேசிவேஷன் (ஒட்டிய இரும்பை அமிலத்தால் நீக்கிப் பாதுகாப்புப் படலம் வளர விடுவது) பண்ணினால் கறை போய்விடும். பட்டறைக்காரனுக்கு வேலை முடிய வேண்டும், கட்டுரை எழுத வேண்டியதில்லை.

மணலி கெமிஸ்ட் எழுதியது:

தம்பி, நீங்கள் சொல்வதில் பாதி எனக்கும் சம்மதம். முதலில் மலிவான சோதனை. காப்பர் சல்பேட் கரைசலைத் தடவி 6 நிமிடம் ஈரமாகவே வைத்திருங்கள். பரப்பில் தனி இரும்பு ஒட்டியிருந்தால் அதன் மேல் செம்பு படியும், கண்ணுக்கே தெரியும். 250 மில்லி வாலை வடிநீரில் 4 கிராம் காப்பர் சல்பேட், 1 மில்லி கந்தக அமிலம், இவ்வளவுதான் கரைசல். ஏ.எஸ்.டி.எம். தரநிலையில் உள்ள முறை இது. சாப்பாட்டுப் பாத்திரங்களில் மட்டும் செய்யாதீர்கள். கறை படிந்த இடத்தில் செய்வதைவிட, பட்டறையில் அதே சக்கரத்தால் கிரைண்ட் செய்து இன்னும் வெளியே போகாத ஒரு துண்டில் செய்யுங்கள்.

சாதாரண எம்.எஸ். இரும்பைத் தேய்த்த அதே கிரைண்டர் சக்கரத்தை ஸ்டெயின்லெஸ் மேல் ஓட்டினால் இரும்புத் துகள் பதிந்துவிடும். வடசென்னையில் பாதிப் பட்டறைகளில் இரண்டு வேலையும் ஒரே மேஜையில்தான் நடக்கிறது. இடம் இல்லை, வேறு வழியும் இல்லை. சக்கரத்தையாவது பிரித்து வைக்கலாம்.

ஆனால் மீதிப் பாதியில் எனக்கு மாற்றுக்கருத்து உண்டு. பணம் யார் தருவது என்ற தகராறு இருக்கும்போது ‘பிக்கிளிங் பண்ணினேன், போய்விட்டது’ என்பது பதில் ஆகாது. பைப்பே மோசமா, வெல்டிங் சூடா, கிரைண்டர் இரும்பா, வெறும் உப்பா என்று பிரித்துச் சொல்ல வேண்டும். அதை மேற்பரப்புச் சோதனை சொல்லும்.

வெற்றிடம் எழுதியது:

ராயபுரம் அண்ணா, வெற்றிடம் ஏன் என்று கேட்டீர்கள். என் பெயரே அது என்பதால் பதில் சொல்லாமல் போக மாட்டேன்.

எலக்ட்ரான் துண்டிலிருந்து புறப்பட்டு, ஆற்றல்வாரியாகப் பிரிக்கும் பகுப்பானின் இரண்டு அரைக்கோளங்களுக்கு நடுவே வளைந்து, உணரியைச் சேரும் வரை வாயு மூலக்கூறில் மோதக் கூடாது. அதற்குச் சுமாரான வெற்றிடமே போதும். மீ உயர் வெற்றிடம் தேவைப்படுவது துண்டின் பரப்பு சுத்தமாக இருப்பதற்காக. 10இன் மைனஸ் 6 அடுக்கு டார் அழுத்தத்தில், படும் மூலக்கூறு எல்லாம் ஒட்டிக்கொண்டால், ஒரு நொடியில் பரப்பு முழுவதும் ஒரு அடுக்கு மூலக்கூறு படிந்துவிடும். மைனஸ் 9க்குப் போனால் 1000 நொடி, அதாவது கால் மணி நேரத்துக்குச் சற்றே மேல். மைனஸ் 10 என்றால் மூன்று மணி நேரத்துக்குப் பக்கம். நாம் பார்ப்பதே மேல் சில அடுக்குகளைத்தான். சோதனை முடிவதற்குள் புதிதாக ஒரு அடுக்கு ஏறிக்கொண்டால் எதைப் பார்த்தோம் என்றே தெரியாது. காற்றில் கிடந்த உங்கள் ரெயிலிங் துண்டுக்கு அவ்வளவு கறார் வேண்டாம். சுரண்டிச் சுத்தம் செய்த உலோகப் பரப்புக்குக் கட்டாயம் வேண்டும்.

எக்ஸ்.பி.எஸ்.ஸை அளவீட்டு முறையாக உருவாக்கியவர் சுவீடனின் உப்சாலாவைச் சேர்ந்த காய் சீக்பான். 1981இல் இதற்காக நோபல் பரிசு. அவருடைய குழு 1954இல் முதன்முதலாகத் தெளிவான வரி பதிவு செய்தது எதில் தெரியுமா? பிளந்த உப்புப் படிகத்தில், சோடியம் குளோரைடில்.

கொசஸ்தலை எழுதியது:

அக்கா, ஆகர் பற்றியும் சொல்லுங்கள். பாடத்தில் மூன்று வரியில் முடித்துவிட்டார்கள்.

மணலி கெமிஸ்ட் எழுதியது:

அதை நான் சொல்கிறேன், ஆலையில் அதிகம் எனக்குக் கைகொடுத்தது அதுதான். அணுவின் உள்கூட்டிலிருந்து ஒரு எலக்ட்ரான் வெளியேறிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காலி இடத்துக்கு மேல்கூட்டிலிருந்து ஒன்று இறங்கும். அப்போது மிச்சமாகும் ஆற்றல் இரண்டு வழியில் போகலாம். எக்ஸ் கதிராகப் போனால் ஈ.டி.எஸ். பிடிக்கும். இன்னொரு எலக்ட்ரானைத் தள்ளிவிட்டால் அதுதான் ஆகர் எலக்ட்ரான். கார்பன், ஆக்சிஜன் மாதிரி லேசான தனிமங்களில் இரண்டாவது வழிதான் மிக அதிகம். மூன்று எலக்ட்ரான் தேவைப்படுவதால் ஹைட்ரஜனும் ஹீலியமும் இதில் தெரியவே தெரியாது.

லீஸ் மைட்னர் 1922இல் இதைப் பதிவு செய்தார். பியர் ஆகர் 1923இல் தனியாகக் கண்டார். பெயர் அவருக்குப் போய்விட்டது. மைட்னரின் பெயரையும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்பது என் கட்சி.

இந்த எலக்ட்ரானின் ஆற்றல் அணுவின் கூடுகளை மட்டும் பொறுத்தது. எதைக் கொண்டு தூண்டினோம் என்பதைப் பொறுத்தது இல்லை. அதனால் எக்ஸ் கதிருக்குப் பதில் எலக்ட்ரான் கற்றையாலேயே தூண்டலாம். எலக்ட்ரான் கற்றையை 10 நானோமீட்டர் அளவுக்குக் குவிக்க முடியும். எக்ஸ்.பி.எஸ். புள்ளி வழக்கமாகச் சில நூறு மைக்ரோமீட்டர், நல்ல கருவியில் 10 மைக்ரோமீட்டர் பக்கம்.

ஏன் இது முக்கியம் என்றால், ஸ்டீலில் குழி அரிப்பு பெரும்பாலும் மாங்கனீஸ் சல்பைடு துகளின் ஓரத்தில் தொடங்கும். அந்தத் துகள் ஒரு மைக்ரோமீட்டர் சுமார். எக்ஸ்.பி.எஸ். அதையும் சுற்றியுள்ள பரப்பையும் சேர்த்துச் சராசரி சொல்லிவிடும். ஆகர் படத்தில் துகள் ஒரு நிறம், சுற்றியுள்ள பரப்பு ஒரு நிறம் என்று தனித்தனியாக வந்து நிற்கும். அதே நேரம் வேதிநிலையைச் சொல்வதில் ஆகர் பொதுவாக எக்ஸ்.பி.எஸ்.ஸுக்குக் கீழேதான். மின்சாரம் கடத்தாத பொருளில் கற்றையின் மின்னூட்டம் தேங்கிப் படமே நகர்ந்துவிடும். ஸ்டீலுக்கு அந்தத் தொல்லை இல்லை.

ஒற்றியூர் ஃபேப்ரிகேட்டர் எழுதியது:

ஐயா, மேடம், புரிகிறது. காப்பர் சல்பேட் சோதனையை நேற்றே செய்துவிட்டேன். கிரைண்ட் செய்த துண்டில் செம்பு நன்றாகவே படிந்தது. கிரைண்டர் படாத பைப்பில் ஒன்றும் இல்லை. வெல்டு ஓரத்து நீல நிறப் பட்டையிலும் படியவில்லை, ஆனால் வீட்டில் அங்கேயும் கறை இருக்கிறதே? கறை உள்ள இடத்தையே எக்ஸ்.பி.எஸ்.ஸுக்கு அனுப்பலாமா? சென்னையில் எங்கே செய்கிறார்கள்?

வெற்றிடம் எழுதியது:

கறையின் மேலேயே எடுக்காதீர்கள் அண்ணா. இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் எல்லோரும் கறையைத்தான் வெட்டிக் கொண்டுவருகிறார்கள். துரு மைக்ரோமீட்டர் கணக்கில் தடிமனாக ஏறியிருக்கும். எக்ஸ்.பி.எஸ். பார்ப்பது மேல் 5 நானோமீட்டர். ‘இரும்பு ஆக்சைடு, இரும்பு ஹைட்ராக்சைடு இருக்கிறது’ என்று ரிப்போர்ட் வரும். அது உங்கள் கண்ணுக்கே தெரிந்த விஷயம். காரணம் துருவுக்கு அடியில் புதைந்துவிட்டது. உங்களுக்கு வேண்டியது கறை பிடிக்கப் போகிற, இன்னும் பிடிக்காத பரப்பு. அதே பைப், அதே வெல்டர், அதே சக்கரம், பட்டறையை விட்டு வெளியே போகாத துண்டு.

நீலப் பட்டையில் செம்பு படியாததும் சரியே. அங்கே தனி இரும்பு இல்லை, தடித்த ஆக்சைடு இருக்கிறது. வெல்டு சூட்டில் பரப்பு பல பத்து நானோமீட்டர் தடிமனுக்கு ஆக்சைடாக மாறும்போது, அடியிலிருக்கும் உலோகத்திலிருந்து குரோமியத்தை இழுத்துக்கொள்ளும். ஆக்சைடுக்குக் கீழே குரோமியம் வற்றிய ஒரு அடுக்கு உருவாகும். அரிப்பு பிடிப்பது அந்த அடுக்கை. மேலே மட்டும் தேய்த்து நீலத்தை மறைத்தாலும் கீழடுக்கு அப்படியே இருக்கும், பளபளப்பாகத் தெரிந்தாலும் கறை வரும். இதைப் பார்க்க ஆர்கான் அயனிகளால் பரப்பைச் சுரண்டிச் சுரண்டி, ஒவ்வொரு ஆழத்திலும் ஆகரோ எக்ஸ்.பி.எஸ்.ஸோ எடுக்க வேண்டும். ஆழம் கூடக் கூடக் குரோமியக் கோடு எங்கே பள்ளமாக இறங்கி மறுபடி 18%க்கு ஏறுகிறது என்று தெரியும். அந்தப் பள்ளத்தின் ஆழம் வரை பிக்கிளிங் எடுக்க வேண்டும் என்பது ராயபுரம் அண்ணாவுக்கும் உதவும் எண்.

இடம் என்றால், ஐ.ஐ.டி. மெட்ராஸில் இருக்கிறது, சென்னைக்கு வெளியே என்றால் காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்தில் இருக்கிறது. வெளியார் துண்டுகளுக்குக் கட்டணம், வரிசை எல்லாம் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

வெட்டும்போது கிரைண்டர் வேண்டாம், பொறி பறந்து பரப்பில் பதியும். எண்ணெய் விடாமல் மெதுவாக ரம்பத்தால் அறுக்கலாம். ஒரு சென்டிமீட்டர் சதுரம் போதும். பைப்பின் வளைவு பரவாயில்லை. பார்க்க வேண்டிய பக்கத்தில் விரல் படக் கூடாது. விரல் ரேகையில் சோடியமும் குளோரைடும் இருப்பதால், கடல் உப்பா கை உப்பா என்று பிரிக்க முடியாமல் போகும். செலோ டேப் ஒட்டாதீர்கள், சாதாரண பிளாஸ்டிக் கவரில் போடாதீர்கள். அவற்றிலிருந்து எண்ணெய்ப்பசையோ சிலிக்கோனோ பரப்பில் பரவினால் ஒரு படலமாக எல்லாவற்றையும் மூடிவிடும். சுத்தமான கண்ணாடிக் குப்பி சிறந்தது. பின்பக்கத்தில் மார்க்கரால் எழுதாமல் ஊசியால் கீறி அடையாளம் வையுங்கள். வீட்டிலிருந்து எடுக்கும் துண்டை அசிட்டோனால் துடைக்கவோ தண்ணீரில் கழுவவோ வேண்டாம், உப்பு கரைந்து போய்விடும்.

கொசஸ்தலை எழுதியது:

நான் சின்ன புராஜெக்ட் ஒன்றில் இந்த ரிப்போர்ட்டுகளைப் படித்திருக்கிறேன். அண்ணனுக்குப் பயன்படும் என்று சிலது சொல்கிறேன். ரிப்போர்ட் வந்ததும் கார்பன் 40% என்று இருக்கும், பயப்பட வேண்டாம். காற்றில் கிடந்த எந்தப் பரப்பிலும் அப்படித்தான் ஒரு மெல்லிய கார்பன் படிவு இருக்கும். 284.8 என்ற அதன் வரியை வைத்துத்தான் பல ஆய்வகங்கள் மற்ற வரிகளைச் சரிப்படுத்துகின்றன. அந்தப் பழக்கமே நம்பகமானதில்லை என்று சுவீடனின் லிங்க்ஷோப்பிங் ஆய்வாளர்கள் சில வருடங்களாக வாதாடி வருகிறார்கள். ஸ்டீல் மாதிரி கடத்தும் உலோகத்தில் அதை நம்பியிருக்கத் தேவையில்லை, உலோக வரியையே சரிபார்ப்புக்கு வைத்துக்கொள்ளலாம்.

அடுத்து, ஈ.டி.எஸ். ரிப்போர்ட் பெரும்பாலும் எடைச் சதவீதத்தில் வரும். எக்ஸ்.பி.எஸ். அணுச் சதவீதத்தில் வரும். இரண்டையும் பக்கத்தில் வைத்து ‘18 இருந்தது 6 ஆகிவிட்டது’ என்று ஒப்பிடக் கூடாது. கார்பனும் ஆக்சிஜனும் பங்கு எடுத்துக்கொண்டதில் மற்ற எண்கள் இறங்கியிருக்கும். குரோமியத்துக்கும் இரும்புக்கும் உள்ள விகிதத்தை மட்டும் பாருங்கள். அதுவும் ஆக்சைடு நிலையில் உள்ளவற்றின் விகிதத்தை.

வெற்றிடம் எழுதியது:

நன்றாகச் சொன்னாய் தம்பி. அதோடு ஒன்று சேர்த்துக்கொள். அலுமினியம் கதிரில் நிக்கலின் ஆகர் வரிகளில் ஒன்று இரும்பு 2பி வரியின் மேலேயே வந்து விழும். 304இல் 8% நிக்கல் இருப்பதால் இரும்பைக் கூட்டிக் காட்டிவிடும் வாய்ப்பு உண்டு. மெக்னீசியம் கதிருக்கு மாற்றினால், அதன் ஆற்றல் 1253.6 என்பதால், பிணைப்பு ஆற்றல் அளவில் ஆகர் வரிகள் மட்டும் 233 எலக்ட்ரான் வோல்ட் நகர்ந்துவிடும், இரும்பு இருந்த இடத்திலேயே நிற்கும். ஆகர் எலக்ட்ரானின் ஆற்றல் தூண்டும் கதிரைப் பொறுத்தது இல்லை என்று ஐயா சொன்னாரே, அதன் கைமேல் பலன் இது. கருவியில் இரண்டு கதிர்களும் இருக்கிறதா என்று கேளுங்கள்.

ஆர்கான் சுரண்டலுக்குப் பிறகு வரும் வேதிநிலைகளை மட்டும் அப்படியே நம்பாதீர்கள். அயனி அடியில் ஆக்சிஜன் முந்திக்கொண்டு வெளியேறி, மூவிணைதிற இரும்பு ஈரிணைதிறமாக இறங்கிவிடும். அதனால் வேதிநிலைக்குச் சுரண்டாத பரப்பு, தனிம அளவுக்குச் சுரண்டிய ஆழம் என்று பிரித்தே படிக்க வேண்டும். மேற்பரப்பைத் தொடாமல் முதலில் முழு அளவீடும் முடித்துவிட்டுத்தான் அயனித் துப்பாக்கியைத் திறக்க வேண்டும் என்று ஆய்வகத்தில் எழுதியே கொடுங்கள்.

ராயபுரம் பிளேட்டிங் எழுதியது:

குரோமியம் வற்றிய அடுக்கு பற்றி எனக்கு இப்போதுதான் விளக்கமாகத் தெரிகிறது. சில வெல்டுகளில் பேசிவேஷன் மட்டும் செய்து கறை திரும்பி வருவதும், பிக்கிளிங் செய்ததில் வராததும் ஏன் என்று புரிகிறது. பேசிவேஷன் தனி இரும்பை எடுக்கும், அந்தக் கீழடுக்கை எடுக்காது. சரிதானே?

ஒரு விஷயம் எல்லாப் பட்டறைக்காரர்களுக்கும். பிக்கிளிங் பேஸ்ட்டில் நைட்ரிக் அமிலத்தோடு ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் இருக்கிறது. படும்போது உடனே வலிக்காது, தோலுக்குள் இறங்கிய பிறகுதான் தெரியும், எலும்பு வரை போகும். பசங்கள் வெறும் கையில் பிரஷ் போடுவதைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்குகிறது. தடித்த கையுறை, முகக் கவசம், பக்கத்தில் ஓடும் தண்ணீர், கால்சியம் குளுக்கோனேட் ஜெல் இல்லாமல் டப்பாவைத் திறக்கவே திறக்காதீர்கள். பட்டால் கழுவி, ஜெல் தடவி, நேராக ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். கழுவிய தண்ணீரைச் சாக்கடையில் விடாதீர்கள், சுண்ணாம்பு போட்டு நடுநிலையாக்குங்கள். அந்தச் சாக்கடை எங்கே போய்ச் சேருகிறது என்று இங்கே எல்லோருக்கும் தெரியும்.

மணலி கெமிஸ்ட் எழுதியது:

சரிதான் தம்பி. பேஸ்ட் பற்றிச் சொன்னதற்கு நன்றி, அதைப் பட்டறைச் சுவரிலேயே எழுதி ஒட்டலாம்.

ஒற்றியூர் ஃபேப்ரிகேட்டர் எழுதியது:

அப்படியானால் மூன்று துண்டு அனுப்புகிறேன்: கிரைண்டர் படாத பைப், கிரைண்ட் செய்தது, நீலப் பட்டையோடு வெல்டு. நான்காவதாக வீட்டு ரெயிலிங்கின் அடிப்பக்கத்திலிருந்து கறை இல்லாத இடம் ஒன்று. முதல் மூன்றும் பட்டறையில் இருப்பவை. கிரைண்டர் சக்கரங்களை இன்றே பிரித்துப் பெயிண்ட் அடித்துவிட்டேன், ஸ்டெயின்லெஸ்ஸுக்கு நீலம். வீட்டுக்காரரிடமும் பேசினேன். ரிப்போர்ட்டில் பைப் மேல் குற்றம் இல்லை என்று வந்தால் கிரைண்டர், வெல்டு வேலையை என் செலவில் சரிசெய்து தருவது, அடுத்த மாடிக்கு 316 போடுவது, விலை வித்தியாசத்தை அவர் தருவது என்று பேசி முடித்தோம். அவர் முகம் கொஞ்சம் இளகியிருக்கிறது.

ரிப்போர்ட்டில் எதை முதலில் பார்க்க வேண்டும்?

வெற்றிடம் எழுதியது:

கிரைண்டர் படாத பைப்தான் அளவுகோல். அதில் ஆக்சைடு நிலைக் குரோமியத்துக்கும் இரும்புக்கும் உள்ள விகிதத்தைக் குறித்துக்கொண்டு மற்றவற்றைப் பாருங்கள். கிரைண்ட் செய்ததில் அந்த விகிதம் நன்றாக இறங்கியிருந்தால் சக்கரத்து இரும்பு. வெல்டுத் துண்டில் அடி உலோக வரி தெரியாமல் ஆக்சைடு மட்டும் தெரிந்தால் தடித்த படலம், அதற்கு மட்டும் ஆழ அளவீடு கேளுங்கள். மற்றவற்றுக்கு அந்தச் செலவு வேண்டாம். வீட்டுத் துண்டில் 198 – 199 அருகே குளோரைடும் 1072 அருகே சோடியமும் இருந்து, விகிதம் பைப்பைப் போலவே இருந்தால் அந்த இடத்தில் படலம் நன்றாக இருக்கிறது, உப்பு மேலே உட்கார்ந்திருக்கிறது என்று பொருள். அங்கே மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரில் கழுவினால் போதும்.

மணலி கெமிஸ்ட் எழுதியது:

வீட்டுத் துண்டில் கந்தகம் 168 – 169 அருகே இருந்தால் சல்பேட், காற்றிலிருந்து வந்தது. 162 அருகே இருந்தால் சல்பைடு, ஸ்டீலுக்குள் இருக்கும் துகளாக இருக்கலாம். அப்படி வந்தால் ஆகர் எடுத்துப் பார்ப்போம், செலவில் நானும் பங்கு தருகிறேன். ரிப்போர்ட் வந்ததும் நான்கு துண்டுகளின் படங்களையும் இங்கேயே போடுங்கள்.